காட்டுவழிப் பாசறைக்குப் பொருள் ஏற்றும் முறை

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று சொந்தமாக ஜீப் வண்டி வைத்திருக்கின்றனர். விடுமுறை வந்துற்றால் தம் மைந்தரையும் மைந்தரின் நண்பரையும் ஏற்றிக்கொண்டு வில்பத்துக் காட்டிலே பாசறை அமைத்து இரண்டு மூன்று நாள் தங்கி வருதல் அவர்களுட் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. இது போற்றத்தக்கதொரு வழக்கமே. புறப்படுமுன் கூடாரத்தைப் பற்றியும் சமையலைப் பற்றியும் அவர்கள் நெடுநேரம் ஆராய்வர். ஆனால், அப்பொருள்களையெல்லாம் வண்டியினுள் எங்கே வைப்பது, எவ்வாறு கட்டுவது என்பது பற்றி ஆராய்வார் அரியர். இடங்கண்ட இடத்தில் அடைத்துக் கதவைச் சாத்திவிட்டால் வேலை முடிந்தது என்பதே பலர் எண்ணம். ஏற்றுதல் வேறு, இருத்துதல் வேறு. ஏற்றிய பொருள் வண்டியோடு ஓருடலாக இருத்தல் வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வில்பத்து 1938 ஆம் ஆண்டிலே தேசிய வனமாக அறிவிக்கப்பட்டது. மழைநீர் தேங்கி நிற்கும் ‘வில்லு’ எனப்படும் பரந்த நீர்நிலைகள் அதன் சிறப்பு. காட்டினுட் செல்லும் வழிகள் செம்மண்ணும் மணலுமாய் அமைந்தவை. மாரி காலத்தில் அவை சேறாகிச் சக்கரத்தை விழுங்கும். கோடையிலோ செம்புழுதி கிளம்பி எவ்விடுக்கினும் புகும். இத்தகைய வழியில் வண்டி ஒரு கணம் இடப்பக்கம் சாயும். மறுகணம் வலப்பக்கம் சாயும். பள்ளத்தில் இறங்கித் திடீரெனத் துள்ளும். வண்டிக்கு நேர்வதெல்லாம் அதன் வயிற்றில் உள்ள பொருளுக்கும் நேரும். எனினும், பெருந்தீங்கு விளைவது பெரும்பாலும் காட்டுவழியிலன்று. அங்கே வண்டி ஆமைபோல ஊர்கின்றது. காட்டை அடையுமுன் விரைந்து செல்லும் தார் வீதியிலேதான் அபாயம் மிகுதி.

இதன் காரணத்தைப் பௌதிகம் கற்ற மாணவர் நன்கறிவர். இயங்கும் பொருள் தன் இயக்கத்தை விடாது தொடர முயலும். இதனைச் சடத்துவம் என்பர். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டியினுள் இருக்கும் நீர்க்கானும் அதே வேகத்திற் செல்கின்றது. வண்டி ஒன்றில் மோதித் திடீரென நின்றால், கட்டப்படாத கான் நில்லாது. முன்னிருப்போர் பிடரியை நோக்கி அவ்வேகத்துடனே பாயும். அவ்வேகம் எத்துணையது? ஏறத்தாழ 32 அடி உயரத்திலிருந்து விழும் பொருள் நிலத்தைத் தொடும்போது பெறும் வேகத்துக்கு அது சமமாகும். 32 அடித் தென்னையிலிருந்து விழும் தேங்காயின் கீழே நிற்கத் துணிவார் எவரும் இலர். ஆனால், தேங்காயினும் பன்மடங்கு பாரமான இருபது லீற்றர் நீர்க்கானை முதுகுக்குப் பின்னே கட்டாது வைத்துக்கொண்டு கதை பேசிச் செல்வார் பலர் உளர்.

யாமறிந்த ஒரு சிறு குழுவினர் பாசறைக்குச் சென்றபோது, மன்னார் வீதியிலே எருமையொன்று குறுக்கே வந்தது. சாரதி பிறேக்கை மிதித்தார், எருமை தப்பிற்று. ஆயின், மேலே அடுக்கியிருந்த சட்டிகளின் நடுவிலிருந்த இட்டிலிச் சட்டி பறந்து வந்து, பின்னிருக்கையில் இருந்த பதின்மூன்று வயது மாணவனின் காதுக்குப் பின்னே வெட்டிற்று. அரிசிச் சாக்கின்மேல் மண்ணெண்ணெய்ப் போத்தல் சரிந்து உடைந்தது. பாசறையின் முதல் நாள் வைத்தியசாலையிலே கழிந்தது. மூன்று தையல் போட்டனர். காயம் நான்கு விரற்கடை முன்னே பட்டிருப்பின் கண் போயிருக்கும். மோதல் ஏதும் நிகழாமலே, பிறேக் பிடித்த அளவிலே நேர்ந்தது இது என்பதை மனங்கொள்க.

இனி, முறையை நோக்குவாம். முதலாவது, எவ்வளவு ஏற்றலாம் என்பது. மயிலிறகேயாயினும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சு முறியும் என்ற உண்மையை வள்ளுவப் பெருந்தகை ‘வலியறிதல்’ அதிகாரத்திலே உவமையாக்கினார். ஒவ்வொரு வண்டிக்கும் அது தாங்கும் நிறை அதன் கைந்நூலிலே குறிக்கப்பட்டிருக்கும். அந்நிறையில் ஆட்களும் அடங்குவர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 600 கிலோ தாங்கும் வண்டியொன்றை எடுத்துக்கொள்வோம். சாரதி உட்பட ஐவர், ஆளுக்கு 60 கிலோ எனின், 300 கிலோ. குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் நீர் என வைத்தால், மூன்று நாளைக்கு 75 லீற்றர். நான்கு கான்களை நிரப்பினால் 80 கிலோ. எஞ்சுவது 220 கிலோ. கூடாரம், அரிசி, அடுப்பு, படுக்கை, கருவிகள் யாவும் இதனுள் அடங்கல் வேண்டும். எனவே, பொருள்களையெல்லாம் திண்ணையிலே பரப்பி வைத்து, தராசில் நிறுத்து, எழுதிக் கூட்டிப் பார்த்த பின்னரே ஏற்றத் தொடங்குக. ‘ஒருவேளை வேண்டியிருக்கும்’ என்று எடுத்தவற்றுட் பெரும்பாலன வேண்டியிரா.

இரண்டாவது, எங்கே வைத்தல் வேண்டும் என்பது. மாட்டு வண்டியிற் பாரம் ஏற்றும் நம்மூர் வண்டிக்காரர் இதிலே வல்லவர். முன்பாரமாயின் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரமாயின் நுகம் மேலெழும். ஆதலின், அச்சுக்கு இருபுறமும் ஒத்து நிற்கும்படி அவர் பாரத்தைப் பகிர்வர். மோட்டார் வண்டிக்கும் இதுவே நியாயம். நிறைமிக்க நீர்க்கான், கருவிப்பெட்டி, தகர உணவு ஆகியவற்றைத் தரையோடு தாழ்த்திப் பின்னச்சுக்கு முன்னாக, பின்னிருக்கையின் முதுகோடு ஒட்டி வைக்க. வலமும் இடமும் நிறையொத்திருத்தல் வேண்டும். பாயும் தலையணையும் துணியும் மேலே இருக்கலாம். ஆயினும், இருக்கையின் முதுகுக்குமேல் எப்பொருளும் உயர்தல் ஆகாது. உயருமாயின், கூரையிலிருந்து தரைவரை வலிய கம்பிவலைத் தடுப்பொன்று பொருத்துதல் இன்றியமையாதது.

உள்ளே இடம் போதாதபோது கூரைமேல் ஏற்றுவார் உளர். கணக்கொன்று காண்போம். சக்கரங்களின் இடையகலம் 1.4 மீற்றர், நிறை 1900 கிலோ, ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.7 மீற்றர் எனின், அசையாது நிற்கும் அவ்வண்டி 45 பாகை சாயும்வரை கவிழாது. 2.1 மீற்றர் உயரமான கூரையின்மேல் 100 கிலோ ஏற்றினால் மையம் 0.77 மீற்றருக்கு உயரும். வண்டி 42 பாகையிலே கவிழும். மூன்று பாகைதானே என்று எண்ணற்க. வண்டி ஓடிச்சென்று பள்ளத்தில் இறங்கும்போது கூரைப்பாரம் ஊஞ்சல்போல ஆடி வண்டியையும் உடனிழுக்கும். ஆதலால், பருமன் மிகுந்து நிறை குறைந்த படுக்கை முதலியவற்றையே கூரைக்கு விடுதல் வேண்டும். நீரையும் எரிபொருளையும் மேலேற்றலாகாது.

மூன்றாவது, எதனுள் வைத்தல் வேண்டும் என்பது. உமலும் சாக்கும் கடகமும் வீட்டுக்கு நல்லன. குலுங்கும் வண்டிக்கு அவை பொருந்தா. நாற்புறமும் நேராய், இறுக மூடும் பெட்டிகளே வேண்டும். ஒன்றோடொன்று நெருங்கி இருக்கும் பெட்டிகளுக்கு நகர இடமில்லை, புழுதியும் உட்புகாது. நல்ல கலம் எவ்வாறிருத்தல் வேண்டும் என்பதற்கு ‘ஜெரி கான்’ ஓர் எடுத்துக்காட்டு. 1930 ஆம் ஆண்டுகளிலே ஜேர்மானியர் ஆக்கிய இருபது லீற்றர் உருக்குக் கலம் அது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது வட ஆபிரிக்கப் பாலைவனத்திலே பிரித்தானியப் படையினரின் மெல்லிய தகரக் கலங்கள் வண்டிக் குலுக்கத்தில் ஒழுகிப் பெற்றோலை மண்ணுக்கு வார்த்தன. பகைவரிடம் கைப்பற்றிய கலத்தின் அருமையை உணர்ந்த அவர்கள் அதனையே பார்த்துச் செய்துகொண்டனர். அதன் பக்கங்கள் தட்டையானவை. ஆதலின் உருளாது, அருகருகே இறுக அடுக்கலாம். மேலேயுள்ள மூன்று பிடிகளால் ஒருவர் தனித்தும் இருவர் சேர்ந்தும் தூக்கலாம். இன்று நீருக்குப் பிளாஸ்ரிக் கானே உகந்தது. நீர்க்கானும் எரிபொருட்கானும் நிறத்தால் வேறுபடுதல் வேண்டும். இருளிலே கை மாறுதல் கூடாது.

நான்காவது, எவ்வாறு கட்டுதல் வேண்டும் என்பது. பாரம் கட்டுதற்குரிய ஐரோப்பிய நியமம் ஓர் அளவைத் தருகின்றது. முன்னோக்கிப் பொருளின் நிறையில் பத்தில் எட்டுப் பங்கையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் பத்தில் ஐந்து பங்கையும் தாங்குமாறு கட்டு அமைதல் வேண்டும். 40 கிலோ பெட்டியை முன்னே 32 கிலோவும் பக்கத்தே 20 கிலோவும் கொண்டு இழுத்தாலும் அசையலாகாது என்பது பொருள். இது பிறேக் பிடித்தலுக்கும் வளைவுக்குமான அளவேயன்றி மோதலுக்கானதன்று. மோதலிலே விசை இதனிற் பன்மடங்காகும். ஆதலின், இதற்கு மேலான வலிமையுடைய கட்டையே நாடுக.

றப்பர்க் கயிறு கண்ணுக்கு இறுக்கமாய்த் தோன்றும். பாரம் இழுக்கும்போது நீண்டு கொடுத்துவிடும். தலையணையைப் பிடிக்க அது போதும், கானைப் பிடிக்காது. தும்புக்கயிறு குலுக்கத்திலே நெகிழும். பற்சக்கரமும் நெம்புபிடியும் பொருத்திய பொலியெஸ்ரர்ப் பட்டியே மிகச் சிறந்தது. அது அதிகம் நீளாது. தாங்கும் விசையும் அதன் சீட்டிலே அச்சிடப்பட்டிருக்கும். பெட்டியின் கீழே றப்பர் விரிப்பொன்றை இட்டால் உராய்வு மிகுந்து வழுக்குதல் குறையும்.

பட்டி வலிதாயினும் அது பற்றிநிற்கும் கொழுக்கி வலிதல்லாவிடின் பயன் யாது? 1948 ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் கண்காட்சியிலே முதன்முதல் காட்டப்பட்ட லான்ட் றோவர் வண்டிக்கு, யுத்தத்தின் பின்னர் உருக்குத் தட்டுப்பாடு நிலவியமையால், மேலுடலை அலுமினியக் கலவையால் அமைத்தனர்; கீழ்ச்சட்டம் உருக்கு. அவ்வகைப் பழைய வண்டிகள் இன்றும் நம் நாட்டில் ஓடுகின்றன. மெல்லிய அலுமினியத் தகட்டிலே திருகாணி கொண்டு பூட்டிய கொழுக்கி ஒரே இழுப்பில் பிய்ந்துவரும். கொழுக்கிகள் கீழ்ச்சட்டத்தோடாயினும், அடியிலே அகன்ற உருக்குத் தகடு வைத்து முடுக்கப்பட்ட ஆணியோடாயினும் இணைந்திருத்தல் வேண்டும். ஆட்களைக் காக்கும் இருக்கைப் பட்டியைப் பொருள் கட்டப் பயன்படுத்தல் எஞ்ஞான்றும் தகாது.

சில பொருள்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். சமையல் வாயு காற்றினும் பாரமானது. கசிந்தால் வண்டித் தரையிலே தேங்கி நிற்கும். சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி, வாயிலை இறுக மூடி, குழாயைக் கழற்றிவைக்க. பெற்றோற் கானை ஆட்கள் இருக்கும் அறையுள் வைத்தல் ஆகாது. பின்புறத்தே வெளியிற் பூட்டிய சட்டமே அதற்கு இடம். அரிக்கன் லாம்பின் எண்ணெயை வடித்துவிட்டே ஏற்றுக. கத்தி கோடரிகளுக்கு உறையிடுக.

ஐந்தாவது, எந்த ஒழுங்கில் ஏற்றுவது என்பது. கடைசியில் வேண்டப்படுவது முதலில் ஏறுதல் வேண்டும். முதலில் வேண்டப்படுவது கடைசியில் ஏறுதல் வேண்டும். பாசறையை அடையும்போது மழை பெய்யுமாயின் முதலில் வேண்டுவது தறப்பாள், அடுத்து விளக்கு, அடுத்துக் கூடாரம். இவை கதவோரத்தில் இருக்கட்டும். வண்டி சேற்றிற் புதைந்தால் மண்வெட்டி, இழுவைப் பட்டி, ஜக், காற்றுப்பம்பி ஆகியன உடனே வேண்டும். நீர்க்கான்களின் அடியிலே ஜக் கிடக்குமாயின் மழையிலே அனைத்தையும் இறக்க நேரும். முதலுதவிப் பெட்டியும் தீயணைகருவியும் சாரதியின் கைக்கெட்டும் தூரத்திலே, அவையும் கட்டப்பட்டனவாய் இருத்தல் வேண்டும்.

பாசறை அமைத்த பின்னரும் உணவுப் பெட்டிகள் வண்டியினுள்ளேயே மூடியிருத்தல் நன்று. குரங்கு திறந்த பெட்டியைக் கணத்திற் சூறையாடும். பழத்தின் மணம் யானையை அழைக்கும்; புத்தல–கதிர்காம வீதியிலே உணவை நாடி வாகனங்களை மறிக்கும் யானைகளைக் கண்டோர் இதை ஐயுறார். எனவே, பழமும் சோற்று மிச்சமும் கூடாரத்துள் வைத்தல் வேண்டா.

புறப்பட்டு அரைமணி நேரத்தின் பின் ஒருமுறை வண்டியை நிறுத்திப் பட்டிகளைத் தொட்டுப் பார்த்து இறுக்குக. குலுக்கத்தாற் பொருள்கள் ஒன்றனுள் ஒன்று படிய, கட்டு நெகிழ்ந்திருக்கும். காட்டுவழியால் வெளியேறித் தார் வீதியை அடைந்ததும் மீண்டும் பார்க்க. திரும்பும் பயணத்திலே களைப்பு மிகுதி. அப்பொழுதே கட்டுவதில் அசட்டை புகும். உணவு தீர்ந்த பெட்டிகள் நடுவே இடம் விட்டு ஆடும். அவ்விடங்களைப் படுக்கைத் துணியால் அடைத்து, வரும்போது போலவே போகும்போதும் கட்டுக.

இவ்வேலையை வளர்ந்தோர் தாமே செய்து முடித்தலினும் மாணவரைக் கொண்டு செய்வித்தல் மேலானது. ஒரு மாணவனுக்கு ஒரு பெட்டி என வகுத்து, அதனுள் இருப்பவற்றை அவனே எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டட்டும், அவனே கட்டட்டும், மற்றொருவன் இழுத்துச் சோதிக்கட்டும். தன் முடிச்சை நம்பி நால்வர் முன்னே இருக்கின்றனர் என்று உணரும் சிறுவன் அசட்டையாகக் கட்டான். அவ்வுணர்வு பாடப்புத்தகத்தில் எளிதாக வருவதன்று. பாசறையின் பெரும் பயனே அது. வில்லுக்கரையிலே விடியற்காலையில் மானினம் நீருண்ணும் காட்சியை நம் பிள்ளைகள் கண்டு மகிழ்க. மகிழ்ந்து, சென்றவாறே ஊறின்றி இல்லம் மீள்க.