மானிட்டருக்கு எதற்கு வைஃபை?

கணினித் திரை நெடுங்காலம் அசட்டுப் பொருளாகவே இருந்தது. கேபிளில் வந்த படத்தைக் காட்டும், சுவிட்சை அணைத்தால் இருண்டுவிடும். 2020 நவம்பரில் சாம்சங் ‘ஸ்மார்ட் மானிட்டர்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கணினியே இல்லாமல் அதில் நெட்ஃபிளிக்ஸ் பார்க்கலாம். உள்ளே ஓடுவது அந்த நிறுவனத்தின் டிவிகளில் இருக்கும் அதே டைசன் இயங்குதளம். டிவியின் வசதி வந்தால் டிவியின் பழக்கமும் கூடவே வராதா என்பதுதான் கேள்வி.

எந்தப் பழக்கம்? ஸ்மார்ட் டிவிகளில் ஏ.சி.ஆர். என்றொரு நுட்பம் உண்டு. திரையில் ஓடுவதை அது நொடிக்குப் பலமுறைகூடப் படமெடுக்கும். படத்தை அப்படியே அனுப்பாது. கைரேகை போல ஒரு சிறு எண்கோவையாகச் சுருக்கி நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும். அங்கே சினிமா, விளம்பரம், நிகழ்ச்சிகளின் ரேகைகள் குவிந்திருக்கும். ஒன்றோடு பொருந்தினால் நீங்கள் பார்த்தது என்னவென்று தெரிந்துவிடும். இதைச் சொல்லாமல் செய்ததற்காக விஜியோ என்ற டிவி நிறுவனம் 2017இல் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் கட்டியது. விவகாரத்தில் சிக்கியவை 1.1 கோடி டிவிகள்.

2024இல் ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளர்கள் சாம்சங், எல்ஜி டிவிகளைச் சோதித்தார்கள். நெட்ஃபிளிக்ஸ் செயலி ஓடும்போது ஏ.சி.ஆர். அடங்கிக் கிடந்தது. ஹெச்டிஎம்ஐ கேபிளில் வேறு கருவியை இணைத்து, டிவியை வெறும் திரையாக வைத்தபோதோ ரேகைகள் கிளம்பிப் போயின! உங்கள் எக்ஸெல் கணக்கு எந்த ரேகையோடும் பொருந்தப்போவதில்லை என்பது உண்மை. ஆனால் ரேகை வீட்டை விட்டுப் போனது போனதுதான். அமைப்புகளில் சம்மதத்தை விலக்கியதும் அந்தப் போக்குவரத்து நின்றது என்பது ஆறுதல்.

வேவு ஒருபுறம், ஊடுருவல் இன்னொருபுறம். இணையமே இல்லாத சாதாரண டெல் மானிட்டருக்குள்ளும் ஒரு சிறு கணினி உண்டு. 2016இல் லாஸ் வேகாஸ் டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் பாதுகாப்பு ஆய்வாளர் ஆங் குய் குழுவினர் அதன் ஃபர்ம்வேரை, அதாவது உள்ளே பதிந்திருக்கும் மென்பொருளை மாற்றி, இணையதளத்தில் இல்லாத பாதுகாப்புப் பூட்டுச் சின்னத்தைத் திரையில் வரவழைத்துக் காட்டினார்கள். கணினிக்கு எதுவும் ஆகவில்லை. பொய் சொன்னது திரை மட்டும். அவர்களுக்கு ஒரு கேபிள் வழி வேண்டியிருந்தது. வைஃபை உள்ள திரையில் வாசல் ஒன்று கூடுதல்.

ஸ்மார்ட் மானிட்டரைக் கணினிக்காக மட்டும் வாங்கியிருந்தால், முதல்முறை அமைக்கும்போது வைஃபை கடவுச்சொல் கேட்கும் பக்கத்தைத் தாண்டிவிடுங்கள். கேபிளில் வரும் படத்துக்கு அது தேவையே இல்லை.