மருந்துக்கு அடங்காத குடல் பாக்டீரியாவும் மண்ணுக்குள் இறங்கும் கழிவுநீரும்

மனிதக் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன, அவற்றுள் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவை குடலுக்குள் இருக்கும்வரை பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை என்றாலும், சிறுநீர்ப் பாதையையோ இரத்தத்தையோ அறுவை செய்த புண்ணையோ எட்டிவிட்டால் உயிருக்கே உலை வைக்கவும் கூடும். பாக்டீரியாவைக் கொல்லும், அல்லது அதன் பெருக்கத்தைத் தடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகள் இத்தொற்றுகளிடம் பலிக்காமல் போவதையே மருந்தெதிர்ப்பு என்கின்றனர். 2019-இல் மட்டும் இந்த எதிர்ப்பே நேரடிக் காரணமாக உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான மதிப்பீடு கூறுகிறது. அந்த மரணங்களுக்குக் காரணமான கிருமிகளில் முதலிடம் பெற்றது ஈ.கோலை.

மருந்தெதிர்ப்பின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்பு உண்டு. புது டில்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் 2008-இல் கண்டறியப்பட்ட கிளெப்சியெல்லாவில் அதுவரை அறியப்படாத எதிர்ப்பு மரபணு ஒன்று இருந்தது. அதற்குப் புது டில்லியின் பெயரை உள்ளடக்கி என்டிஎம்-1 என்று பெயரிடப்பட்டது. அடுத்து 2010-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் டிமோத்தி வால்ஷும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், இம்மரபணுவைக் கொண்ட பாக்டீரியா சென்னையில் 44 மாதிரிகளிலும் ஹரியாணாவில் 26 மாதிரிகளிலும் பிரிட்டனில் 37 மாதிரிகளிலும் இருப்பது தெரியவந்தது. விவரம் கிடைத்த 29 பிரிட்டன் நோயாளிகளில் 17 பேராவது அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ வந்து சென்றவர்கள்.

ஆய்வகத்தில் இந்த எதிர்ப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். மருத்துவமனைகளில் ‘கல்ச்சர்’ என்று சொல்லப்படும் சோதனையில், ஊட்டக்கூழ் நிரப்பிய வட்டத் தட்டின்மேல் பாக்டீரியாவைத் தடவி, மருந்தில் தோய்த்த சிறு காகித வில்லைகளை ஆங்காங்கே பதித்து இரவு முழுவதும் வெதுவெதுப்பில் வைப்பார்கள். மருந்து பலிக்குமானால் மறுநாள் வில்லையைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிந்த வளையம் தெரியும். என்டிஎம் மரபணு உள்ள பாக்டீரியாவோ, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கடைசிப் புகலிடமாக வைத்திருக்கும் மெரோபெனெம் வில்லையின் விளிம்புவரைகூட நெருங்கி வளர்ந்து நிற்கும். இம்மரபணு உருவாக்கும் நொதி, துத்தநாக அயனிகளின் துணையோடு மருந்தின் மூலக்கூறை உடைத்துவிடுவதே இதற்குக் காரணம்.

இதைவிட அச்சம் தருவது அம்மரபணு அமர்ந்திருக்கும் இடம். பிளாஸ்மிட் எனப்படும் தனித்த டிஎன்ஏ வளையத்தில் அது இருப்பதால், ஒரு பாக்டீரியா தன் அருகிலுள்ள வேறோர் இனப் பாக்டீரியாவுக்கும் அதன் படியைக் கொடுக்க முடிகிறது; ஒரே வளையத்தில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் சேர்ந்திருப்பதும் உண்டு. இத்தகைய கைமாற்றத்துக்குக் குடலைப் போலவே சாக்கடையும் வசதியான இடமாகிறது.

ஆனால் 2010-இல் இந்தியாவில் எழுந்த விவாதம் பெரும்பாலும் பெயரைச் சுற்றியே நடந்தது. ஒரு நகரத்தின் பெயரைக் கிருமிக்குச் சூட்டியது மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சூழ்ச்சி என்று நாடாளுமன்றம்வரை குரல் எழுந்தது. 2011 ஜனவரியில் ‘லான்செட்’ ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் அப்பெயருக்காக வருத்தமும் தெரிவித்தார். மனக்குறை நியாயமானதே, எனினும் அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வுதான் அதிகக் கவனத்துக்குரியது. டில்லியில் எடுக்கப்பட்ட 50 குழாய்நீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவோரம் தேங்கியும் கசிந்தும் நின்ற 171 நீர் மாதிரிகளில் 51-இலும் என்டிஎம்-1 மரபணு இருந்ததாக அது காட்டியது. மருத்துவமனைச் சுவர்களுக்குள் அடங்கியதாகக் கருதப்பட்ட சிக்கல் தெருவுக்கு வந்திருந்தது.

மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாவைக் குடலில் சுமப்பவர் நோயாளியாக இருக்க வேண்டியதில்லை. நெதர்லாந்திலிருந்து வெளிநாடு சென்று திரும்பியவர்களை ஆராய்ந்தபோது, தெற்காசியாவுக்கு வந்தவர்களில் ஏறத்தாழ 75 விழுக்காட்டினர், பல ஆன்டிபயாடிக்குகளைச் சிதைக்கும் நொதியுள்ள பாக்டீரியாவைப் புதிதாகக் குடலில் ஏற்றிச் சென்றது தெரிந்தது. இங்கேயே பிறந்து வாழ்பவர்களின் நிலையை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

மருந்துப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் முயற்சிகள் நடந்தே வருகின்றன. 2012-இல் சென்னையில் கூடிய மருத்துவர்கள் ‘சென்னைப் பிரகடனம்’ என்ற செயல்திட்டத்தை வெளியிட்டனர். 2014 மார்ச் முதல் முக்கியமான ஆன்டிபயாடிக்குகள், மருத்துவர் சீட்டின் விவரத்தைப் பதிவேட்டில் குறித்தே விற்க வேண்டிய ‘எச்1’ பட்டியலில் வந்தன. கோழி முதலிய உணவுக் கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுப்பது 2019-இல் தடைசெய்யப்பட்டது. மாத்திரை அட்டையில் காணும் சிவப்புக் கோடும் மருத்துவர் சொல்லாமல் உண்ணக்கூடாது என்பதற்கான அடையாளமே. இருந்தும், வயிற்றுப்போக்கு என்றதும் மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை கேட்டு வாங்கும் வழக்கம் போகவில்லை. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பலவும் வைரஸால் வருவதால் அவற்றுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது, உப்பு சர்க்கரைக் கரைசலே உயிர் காக்கும்.

ஆயினும் மாத்திரையைக் குறைப்பது மட்டும் போதாது. 103 நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்தெதிர்ப்பின் ஏற்றத்தாழ்வு மருந்து நுகர்வின் அளவைவிடக் கழிவகற்றல் உள்ளிட்ட அடிப்படை வசதிகளோடும் நிர்வாகத் தரத்தோடும் நெருங்கிய தொடர்புடையதாகக் காணப்பட்டது. இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் தாமிரபரணி பெரும் கவலைக்குரியது: திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களுக்குக் குடிநீர் தரும் அந்த ஆற்றில் திருநெல்வேலி மாநகரின் கழிவுநீர் பல இடங்களில் கலப்பது பற்றிய வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் 2024-இல் நேரில் வந்து பார்வையிட நேர்ந்தது.

ஆற்றிலிருந்து விலகித் தேரி எனப்படும் செம்மணலில் அமைந்துள்ள திசையன்விளை போன்ற ஊர்களில் இதே சிக்கல் மண்ணுக்கடியில் இருக்கிறது. செம்மணல் நீரை விரைவாக உள்வாங்குவது. அடித்தளம் பூசாத கழிப்பறைக் குழியும் ஆழ்துளைக் கிணறும் ஒரே வீட்டுமனைக்குள் நெருங்கி அமைந்தால், குழியில் இறங்குவது குடிநீரை எட்டாமல் தடுக்கப் போதிய மண் இடையே இருப்பதில்லை. நீர்புகாத தொட்டி, கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் நடுவே தாராளமான இடைவெளி, தொட்டியைச் சுத்தம் செய்யும் லாரி அக்கழிவை ஓடையிலோ தரிசிலோ கொட்டாமல் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ப்பதைப் பேரூராட்சி கண்காணிப்பது ஆகிய மூன்றுக்கும் புதிய மருந்தோ அயல்நாட்டுத் தொழில்நுட்பமோ தேவையில்லை. கொத்தனாரும் பேரூராட்சி அலுவலரும் வீட்டுக்காரரும் கட்டடம் எழும்பும் முன்னரே பேசி முடிவுசெய்யக் கூடியவை அவை.