கலத்திலிருந்து கலப்பது

புதுச்சேரி நகருக்கு வடமேற்கே அமைந்த சிற்றூர் சுத்துக்கேணி. இரும்புக் கால ஈமத்தாழிகள் கிடைத்தமையால் தொல்லியலில் இடம்பெற்ற ஊர் இது. பிரெஞ்சுத் தொல்லியலாளர் காசல் 1956-இல் வெளியிட்ட அகழாய்வு நூலில் இவ்வூர்ப் பெயரைக் காணலாம். அவர் முன்னரே ஆய்ந்த அரிக்கமேட்டில் ரோமானியரின் இருபிடிச் சாடிகளுடைய ஓடுகள் கிடைத்துள்ளன. மது கொணரும் அத்தகைய சாடிகளின் உட்புறத்தில் கீல் பூசுவது அக்கால வழக்கம். கீலின் மணம் மதுவில் ஏறியது. கலம் தன்னுள் இருக்கும் உணவுக்கு எதையேனும் தருவது, ஆகவே, புதிய செய்தியன்று. எதைத் தருகிறது என்பதே இன்று மாறியிருக்கிறது.

இன்று ஊர்ப்புறத் தேநீர்க் கடையிலும் கொதிக்கும் தேநீர் மெல்லிய பாலித்தீன் பையில் கட்டித் தரப்படுகிறது. உணவகத்துச் சாம்பாரும் அவ்வாறே வீடு சேர்கிறது. நெகிழி என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் பின்னல். அச்சங்கிலிகள் எளிதில் உணவில் கலப்பதில்லை. அவற்றுக்கிடையே தங்கியிருக்கும் சிறு மூலக்கூறுகளே வெளியேறுகின்றன: வினைபுரியாது எஞ்சிய மூலப்பொருள், நெகிழ்வூட்டும் தாலேட்டுகள், நிறமிகள், நெகிழி கெடாதிருக்கச் சேர்க்கும் பொருள்கள். வெப்பம் சங்கிலிகளைத் தளர்த்துகிறது. எண்ணெய் இப்பொருள்களிற் பலவற்றைக் கரைத்துக்கொள்கிறது. புளிப்பு சிலவகை நெகிழிகளைச் சிதைக்கிறது. நேரம் கூடக்கூடக் கசிவும் கூடுகிறது. தாளித்த எண்ணெய் மிதக்க, புளி கரைத்து, கொதிக்கக் கொதிக்கப் பையில் ஊற்றப்படும் சாம்பாரில் இவை யாவும் ஒருங்கே அமைகின்றன.

எல்லா நெகிழியும் ஒன்றல்ல. தூய பாலித்தீனில் பிஸ்பினால்-ஏ இல்லை. அது பாலிகார்பனேட்டிலும் தகர டப்பாக்களின் உட்பூச்சிலும் உள்ளது. தெர்மாகோல் குவளையிலிருந்து ஸ்டைரீன் கசியலாம். மறுசுழற்சி செய்த வண்ணப் பைகளோ முன்பு எதற்குப் பயன்பட்டன என்பதே தெரியாதவை. அவற்றில் உணவுப் பொருள்களைத் தருவதை இந்திய அரசின் விதிகள் 1999-ஆம் ஆண்டிலேயே தடைசெய்தன. காகிதக் குவளையும் முற்றிலும் காகிதம் அன்று. அதன் உட்புறத்தில் மெல்லிய நெகிழிப் படலம் உண்டு. அத்தகைய குவளையில் 100 மில்லிலிட்டர் வெந்நீர் 15 நிமிடம் இருந்தால் ஏறத்தாழ 25,000 நுண்நெகிழித் துகள்கள் அதில் கலக்கின்றன எனக் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

பிஸ்பினால்-ஏ பெண்மை ஹார்மோனாகிய ஈஸ்ட்ரோஜனைப்போலச் செயற்படுவதை 1936-இல் இங்கிலாந்தின் டாட்ஸ் கண்டறிந்தார். அதன் பின்னரே அது பாலிகார்பனேட்டின் மூலப்பொருளாயிற்று என்பது வியப்புக்குரியது. ஹார்மோன்கள் மிகச் சிறிய அளவிலேயே உடலை இயக்குவன. அவற்றைப் போலி செய்யும் பொருளைச் ‘சிறிதளவுதானே’ என்று ஒதுக்க இயலாது. உறுப்புகள் உருவாகும் காலத்தில் இருக்கும் கருவும் கைக்குழந்தையும் இதனால் மிகுதியாகப் பாதிக்கப்படக்கூடும். குழந்தைகளின் பால் புட்டிகளில் இப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2011-இலும், இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2015-இலும் விலக்கின.

எந்த அளவு தீங்கற்றது? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம் என்றிருந்த வரம்பை 2023-இல் 0.2 நானோகிராமாக்கியது, அதாவது 20,000 மடங்கு குறைத்தது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அக்கணக்கை ஏற்கவில்லை. அறிவியலறிஞர் இன்னும் வாதிடும் பொருள் இது. ஒரு பைத் தேநீர் ஒருவரை நோயாளியாக்கிவிடும் என்பார் மிகைபடக் கூறுகிறார். நாள்தோறும் பல வழிகளில் பல்லாண்டு சேர்வதே கவலைக்குரியது.

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள், நெகிழியிலிருந்து உணவில் கலக்கும் பொருள்களின் மொத்த அளவு கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்கின்றன. கடையில் தொங்கும் பெயரற்ற பைக் கட்டு அச்சோதனைக்கு உட்பட்டதா என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. புதுச்சேரியும் அவ்வாண்டே அவ்வழி சென்றது. அத்தடைகளுக்கு முதன்மைக் காரணம் குப்பை. உணவில் கலக்கும் வேதிப்பொருள் அன்று. எனினும், தடையை மதித்து எவர்சில்வர் தூக்குவாளியில் சாம்பார் வாங்கிச் செல்பவர் இரண்டிலிருந்தும் ஒருசேர விலகிக்கொள்கிறார்.