தம்பி வராத தீபாவளி

2022 நவம்பர் 29. ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவை நீக்க நம் நாடாளுமன்றம் வாக்களித்தது. 1938இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டம் அது. அன்றிரவு தம்பி அழைத்தான். "அக்கா, இனி நான் குற்றவாளி இல்லை."

மறுநாள் அம்மாவிடமும் சொன்னான். "சொந்தக்காரங்க கேட்டா என்ன சொல்றது?" என்றார் அம்மா. அடுத்த இரண்டு தீபாவளிக்கும் தம்பி வீட்டுக்கு வரவில்லை. நாட்டில் சட்டம் மாறியும் எங்கள் வீடு மாறவில்லை.

அவனுடைய துணைவர் ஜோகூரைச் சேர்ந்த சீனர். கடற்பாலத்துக்கு அப்பால் அவர்களின் உறவுக்கு இன்றும் 20 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். இங்கோ, 2009 முதல் நடக்கும் 'பிங்க் டாட்' ஒன்றுகூடலில் அவர் கலந்துகொள்ள முடியாது. ஹோங் லிம் பூங்காவில் அதற்குக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே அனுமதி. அதனால் அவருக்குப் பதிலாகத் தம்பி பக்கத்தில் நான் நின்றேன்.

சென்ற ஆண்டு அம்மாவிடம் சொன்னேன்: "தம்பி வராத வீட்டுக்குத் தீபாவளிக்கு நானும் வரலைம்மா."

நான்கு நாள் அம்மா பேசவில்லை. ஐந்தாம் நாள் கேட்டார்: "அந்தப் பையன் காரம் சாப்பிடுவானா?"

உங்கள் வீட்டிலும் பண்டிகைக்கு வராமல் யாராவது இருக்கலாம். இந்த வாரம் ஒருமுறை அழைத்துப் பேசுங்கள்.