பொமரேனியனும் குளக்கோழியும்

நெய்யாற்றின்கரையைத் தாண்டி, பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த நிலம் நினைவிருக்கும். மேட்டில் ரப்பரும் மரச்சீனியும் வாழையும். இறங்கினால் ‘ஏலா’ என்று எல்லைக்கு இருபுறத்தாரும் சொல்லும் வயல்வெளி. ஏலாவின் தலைமாட்டில் ஒரு குளம், குளக்கரையில் கைதைப் புதர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ஆனாலும் எல்லை தாண்டிப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. நம் சங்கக் குடும்பங்களிலும் அந்தப் பக்கத்தார் சிலர் உண்டல்லவா? அவர்கள் லீவுக்கு ஊர் போய்த் திரும்பியதும் பிள்ளைகள் சொல்லும் கதைகளில் ஒன்று வருடந்தோறும் தவறுவதில்லை. “தாத்தா வீட்டு நாய் ஒரு கோழியைப் பிடிச்சுது! வீட்டுக் கோழி இல்லே, குளக்கோழி!”

விசாரித்தால், அந்த நாய் வேட்டை நாயாகவே இருக்காது. வாசலில் கட்டிப் போட்டிருக்கும் பொமரேனியன், அல்சேஷன் கலப்பு, அல்லது எந்த ஜாதியென்று யாருக்கும் தெரியாத நாட்டு நாய். வேட்டைக்குப் பிறக்காத நாய் எப்படிப் பறவை பிடிக்கிறது? பிடிக்கலாமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடியபோது கிடைத்த செய்திகள் சுவையானவை. அவற்றை வாசகர்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

வேட்டை நாய் என்றதும் நமக்கு நினைவு வருவது சிப்பிப்பாறையும் கன்னியும், ராஜபாளையமும் கோம்பையும்தான். முயலும் காட்டுப்பன்றியும் இவற்றின் இலக்கு, பறவை அல்ல. அதிலும் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து ஓடித் துரத்துபவை. கரிசல் காட்டுத் திறந்தவெளி இருந்தால்தான் அவற்றின் ஓட்டம் எடுபடும். பத்தடிக்கு ஒரு வரப்பும் சேறும் உள்ள ஏலாவில் அவற்றுக்கு என்ன வேலை? பறவைக்கென்றே நாய் வளர்த்தவர்கள் ஐரோப்பியர்கள். பாயிண்டர், பறவையை மோப்பம் பிடித்ததும் முன்காலைத் தூக்கிச் சிலையாக நிற்கும். ஸ்பேனியல் புதருக்குள் புகுந்து கிளப்பிவிடும். ரெட்ரீவர், சுடப்பட்ட வாத்தை இறகு கலையாமல் வாயில் கவ்விக்கொண்டு வரும். துப்பாக்கியோடு வந்த துரைமார் இவற்றை இந்தியாவுக்கும் கொண்டு வந்தார்கள். ஆனால் ஏலாக்கரைச் சம்சாரிக்குப் பாயிண்டர் எங்கே கிடைக்கும்? வீட்டில் எது குரைத்ததோ அதுவே வேட்டை நாய்.

1980-களில் என் பெரியப்பா வீட்டில் ஜிம்மி என்று ஒரு வெள்ளைப் பொமரேனியன் இருந்தது. உண்மையில் அது அசல் பொமரேனியன் அல்ல. நம் ஊரில் அந்தப் பெயரில் விற்றதெல்லாம் பெரும்பாலும் ‘இந்தியன் ஸ்பிட்ஸ்’ என்ற வகை. 1994-இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ இந்திப் படத்தில் எல்லாரையும் மயக்கிய டஃபி அந்த வகைதான். பெரியம்மாவுக்கு ஜிம்மி சோபாவில் படுக்கிற குழந்தை. ஆனால் மழை விட்ட சாயங்காலம் பெரியப்பாவோடு குளக்கரைக்குப் போனால் வேறு பிறவி எடுத்துவிடும். கைதை மூட்டுக்கு முன்னால் நின்று ஓயாமல் குரைக்கும். உள்ளே இருக்கிற குளக்கோழி வாலை வெட்டி வெட்டி அதையே பார்த்துக்கொண்டு நிற்கும். மறுபக்கம் ரப்பர் கட்டிய கவணோடு நிற்கும் பையன்களை அது கவனிப்பதில்லை. அடிபட்டு விழுந்தாலோ ஜிம்மி கொண்டுவந்து தராது, தானே குதறிவிடும். ஆடி, ஆவணியில் மட்டும் பெரியப்பா பையன்களை அண்டவிட மாட்டார். “லேய் மக்கா, இப்பம் குஞ்சு பொரிக்கிற சமயம். நாயப் பிடிச்சுக் கெட்டு” என்பார். சட்டம் தெரிந்து சொன்னதல்ல. அடுத்த வருடம் கோழி வேண்டுமே என்ற கணக்குத்தான்!

ஜிம்மி செய்ததை அன்று நாங்கள் ஏதோ அதிசயம் என்றே நினைத்தோம். ஆனால் பின்லாந்து நாட்டில் இதே முறையைப் பல தலைமுறைகளாகக் கையாளுகிறார்கள்! அந்நாட்டின் தேசிய நாய் ஃபின்னிஷ் ஸ்பிட்ஸ். கூரிய காது, சுருண்ட வால், செம்பழுப்பு நிறம். நம் ‘பொமரேனியனுக்கு’ தூரத்து உறவு. காட்டுக்கோழி போன்ற பெரிய பறவையைத் தேடி மரத்தில் ஏறச் செய்து, கீழே நின்று விடாமல் குரைக்கும். பறவை நாயையே பார்த்துக்கொண்டிருக்க, வேட்டைக்காரர் ஓசையில்லாமல் நெருங்குவார். அங்கே குரைப்பதற்கென்றே ஆண்டுதோறும் போட்டி வைத்துப் பட்டம் கொடுக்கிறார்கள். இன்னொரு வேடிக்கை: முடியை வெட்டி ரிப்பன் கட்டி அழைத்து வருகிறார்களே பூடில், அது ஆதியில் தண்ணீரில் விழுந்த வாத்தை நீந்தி எடுத்துவர வளர்க்கப்பட்ட நாய். இன்று பிரிட்டிஷ் கென்னல் கிளப்பின் பட்டியலில் அது வேட்டை நாய்ப் பிரிவிலேயே இல்லை.

ஆக, ‘வேட்டை இனம்’ என்பதே நாம் போட்ட பட்டியல்தான். ரேமண்ட் காப்பிங்கர் என்ற அமெரிக்க உயிரியலாளர் இதை அழகாக விளக்கினார். தேடுவது, உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழிப்பது என்று ஓநாயின் வேட்டை ஒரு சங்கிலி. மனிதன் அந்தச் சங்கிலியில் சில கண்ணிகளை வலுவாக்கி, சிலவற்றைத் தளர்த்தி வெவ்வேறு இனங்களை உண்டாக்கினான். பாயிண்டர் பதுங்குவதோடு நின்றுவிடும். ரெட்ரீவர் கவ்வும், கொல்லாது. ஆட்டுக்கிடை நாய் உற்றுப் பார்க்கும், துரத்தும், கடிக்காது. நாட்டு நாயிடம் சங்கிலி ஏறக்குறைய முழுதாகவே இருக்கிறது. 2022-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் குணத்தை உரிமையாளர்களிடம் கேட்டறிந்தது. ஒரு தனி நாயின் நடத்தையில் இனத்தால் விளக்கக்கூடியது ஏறத்தாழ 9 சதவீதமே என்று கண்டது. “இது வீட்டு நாய், ஒன்றும் செய்யாது” என்று சொல்லுகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இனிப் பறவைக்கு வருவோம். நூல்களில் கானாங்கோழி என்பார்கள். வெள்ளை முகம், வெள்ளை மார்பு, வாலடியில் செம்பழுப்பு. நன்றாகப் பறக்காது, ஓடும். அதனால்தான் நாய்க்கு எளிதில் அகப்படுகிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் விடிய விடியக் கத்தும். கைதையிலும் மூங்கில் புதரிலும் கூடு வைத்து ஆறேழு முட்டை வரை இடும். குஞ்சுகள் கரிப்பந்து போல, பிறந்த சில நாட்களிலேயே தாயின் பின்னால் ஓடும். ஜூனிலிருந்து அக்டோபர் வரை இதுதான் அதன் காலம். நம் பிள்ளைகள் ஊருக்குப் போவது எப்போது? வளைகுடாவிலிருந்து ஜூலை, ஆகஸ்டில். கேரளத்துப் பள்ளிகளிலிருந்து ஓண லீவுக்கு. அதாவது சரியாகக் கூடு வைக்கும் நேரத்தில்! வருடம் முழுவதும் சங்கிலியில் கிடக்கும் நாயைப் பேரன் பேத்திகள் அவிழ்த்து ஏலாவுக்கு ஓட்டிச் செல்வதும் அப்போதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலில் சில பறவைகளை லைசென்ஸ் பெற்று வேட்டையாட வழி இருந்தது. 1991 திருத்தத்தோடு அது முடிந்துபோயிற்று. கொல்வது, கண்ணி வைப்பது, துரத்துவது, விரட்டுவது, பறவையின் முட்டையையோ கூட்டையோ சேதப்படுத்துவது எல்லாமே ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள் அடங்கும்; முயற்சியும் குற்றமே. நாயை ஏவிவிட்டவர் “நான் சுடவில்லையே” என்று தப்பிக்க முடியாது. 2022 திருத்தத்துக்குப் பின் பொதுவான தண்டனை மூன்றாண்டுச் சிறை வரை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வரை, அல்லது இரண்டும். குறைந்த சக்தியுள்ள ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதை, புறாவையும் கொக்கையும் சுடலாம் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் தவறு. களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சட்டம் ஒன்றே.

நாயை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. 1970-களின் நடுவில் கேரளத்தில் 8 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் இருந்த நெல் வயல் இன்று சுமார் 2 லட்சமாகச் சுருங்கியிருக்கிறது. வயலையும் நீர்நிலையையும் காக்க 2008-இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. அந்தப் பக்கம் விளவங்கோட்டில், நெய்யாறு இடதுகரைக் கால்வாய்த் தண்ணீர் 2004-இல் நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஏலா வாழைத் தோட்டமாகி, குளக்கரைக்கு சிமெண்ட் சுவர் வந்தபின், மிஞ்சிய ஒரு கைதைப் புதரில்தான் கோழி கூடு வைக்கிறது. முன்பு பத்துப் புதர் இருந்தபோது ஒரு நாய் தேடிக் களைத்துப் போகும். இப்போது அதற்கு வழி தெரியும்.

நாயை என்ன செய்வது? குரைக்கிற நாயைக் குரைக்காதே என்று சொல்லிப் பயனில்லை. அதன் ஆசைக்கு வேறு வழி காட்டலாம். ஒரு ரப்பர் பந்தைத் தென்னந்தோப்பில் எறிந்து தேடச் சொன்னால் சங்கிலியின் பாதியை அது அங்கேயே ஓட்டித் தீர்த்துவிடும். ஏலாப் பக்கம் போகும்போது நீளக் கயிறு அவசியம். சேற்றில் இறங்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டிருக்கிறார்களா என்று ஊருக்கு போன் செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பையன்களுக்கு கவணுக்குப் பதில் சிறிய பைனாகுலர் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். விடியற்காலை ஆறு மணிக்குக் குளக்கரையில், நாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கால் மணி நேரம் அசையாமல் நின்றால், தாய்க்கோழி கரிப்பந்துகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு வரப்பைக் கடப்பதைப் பார்க்கலாம். நாய் முனகும். கயிற்றை மட்டும் விட்டுவிட வேண்டாம்.