48-ஆ, 450-ஆ?

கிள்ளான் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: டயாலிசிஸ் செய்துகொள்ளும் கணவருக்கு ‘பிடிஎச்’ 48, மதுரையில் அதே சிகிச்சையில் இருக்கும் சித்தப்பாவுக்கு 450. சித்தப்பாவுக்குப் பத்து மடங்கு முற்றிவிட்டதா?

இல்லை அம்மா, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே பிக்கோமோலில் எழுதுகிறார்கள், அங்கே பிக்கோகிராமில். நம் எண்ணை 9.4-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் ஒட்டியிருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகளின் ஹார்மோன்தான் பிடிஎச். சிறுநீரகம் பழுதானால் பாஸ்பேட் தேங்கும், கால்சியம் குறையும். எலும்பைக் கரைத்தாவது ஈடுகட்டச் சுரப்பிகள் கிளம்பிவிடும்.

எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு. நல்ல உடம்புக்கு 65 பிக்கோகிராமைத் தாண்டினாலே அதிகம். டயாலிசிஸில் இருப்பவருக்கோ அதைப்போல் 2 முதல் 9 மடங்கு வரை இருக்கலாம் என்கிறது கேடிஐஜிஓ என்ற உலக வழிகாட்டி. காரணம், சிறுநீரகம் கெட்டவரின் எலும்புக்கு இந்த ஹார்மோனின் சொல் சரியாக எட்டுவதில்லை. காது மந்தமான எங்கள் பாட்டியிடம் வீடே கத்தித்தான் பேசும். சண்டையோ என்று விருந்தாளிகள் பயப்படுவார்கள். அளவை மருந்தால் வலிந்து 65-க்குக் கீழே இறக்கினால் எலும்பு தன்னைப் புதுப்பிக்கும் வேலையே ஓய்ந்துபோகும்.

ஆகவே ஒற்றை எண்ணை வைத்துத் தீவிரத்தைச் சொல்ல முடியாது. சில மாத இடைவெளியில் எடுத்த அளவுகள் ஏறிக்கொண்டே போகின்றனவா, கூடவே ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். முற்றியவர்களின் கை எக்ஸ்ரேயில் ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் நடு எலும்பில், கட்டைவிரல் பக்க ஓரம் அரித்துப் பிசிறுபிசிறாகத் தெரியும். ஸ்கேனில் சுரப்பி ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் மருந்துக்கு அடங்குவது கடினம். அறுவை சிகிச்சைப் பேச்சு வரும். நான்கையும் எடுத்துவிட்டு, ஒரு துணுக்கை முன்கைத் தசையில் பதிப்பதும் உண்டு. பிறகு இரண்டு கைகளிலும் ரத்தம் எடுத்து ஒப்பிட்டால், அந்தத் துணுக்கு உயிரோடு வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும்!

இவ்வளவு தூரம் போகவிடாமல் தடுக்கத்தான் பாஸ்பேட்டைக் கட்டும் மாத்திரை. அதைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, “மாத்திரை வீட்டில் இருக்கிறது, போய்ப் போட்டுக்கொள்கிறேன்” என்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அதற்குள் பாஸ்பேட் ரத்தத்தில் ஏறத் தொடங்கியிருக்கும்.

அம்மா, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது கணவரின் பழைய பிடிஎச் முடிவுகளைத் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். சித்தப்பாவின் எண் வேண்டாம்.