குளத்தில் இறக்கிவிட ஆளில்லை

அருளப்பர் நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில் ஒரு நோயாளியைச் சந்திக்கிறோம். 38 ஆண்டுகளாகப் பிணியுற்றிருந்த அவர், யெருசலேமில் பெத்சதா குளத்தருகே கிடந்தார். நீர் எதிரே இருந்தது, இறங்கத்தான் இயலவில்லை. தம்மை இறக்கிவிட ஆளில்லை என்பதே அவர் ஆண்டவரிடம் சொன்ன குறை.

இக்குறை நம் இல்லங்களிலும் உண்டு. நாள் தவறாமல் நீராடிப் பூசைக்குச் சென்ற பாட்டியார், சில மாதங்களாக 'இன்று வேண்டாம், நாளை குளிக்கிறேன்' என்கிறார். ஞாயிறு திருப்பலிக்கும் வருவதில்லை. சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் நாம் கடிந்துகொள்கிறோம். உண்மையில் அவரைத் தடுப்பது, ஈரத்தரையில் கால் வழுக்குமோ என்ற அச்சமாக இருக்கலாம். அதை வெளியே சொல்ல நாணம். அவ்வச்சம் வீணன்று. முதுமையில் எலும்பு மெலிகிறது. ஒருமுறை விழுந்தால் இடுப்பெலும்பு முறியக்கூடும். அதன்பின் முன்போல் நடமாட இயலாதோர் பலர்.

மேலை நாடுகளில் தொட்டியில் குளிக்கும் வழக்கம் உண்டு. அதன் உயர்ந்த விளிம்பைத் தாண்டுவது முதியோருக்குப் பெரும்பாடு. ஆகவே பக்கவாட்டில் கதவு வைத்த தொட்டிகள் அங்கே விற்கப்படுகின்றன. தாழ்ந்த படியைக் கடந்து உள்ளே சென்று, இருக்கையில் அமர்ந்து, கதவைச் சாத்திய பின்னரே நீரை நிரப்ப வேண்டும். குளித்தபின் நீர் வடியும்வரை, ஈர உடலோடு காத்திருக்கவும் வேண்டும். விலையும் மிகுதி.

வாளியும் குவளையும் கொண்டு குளிக்கும் நமக்கு அத்தொட்டி தேவையில்லை. ஆயினும், முதியவரின் உடல்நிலைக்கு ஏற்பக் குளிக்குமிடத்தை அமைக்க வேண்டும் என்ற கருத்து நமக்கும் ஏற்றதே.

வழவழப்பான தரையை மாற்றிச் சொரசொரப்பான ஓடு பதிக்கலாம். பாசியை அவ்வப்போது தேய்த்து அகற்ற வேண்டும். ரப்பர் அடியிட்ட, கை வைத்த உறுதியான நாற்காலியில் அவர் அமர்ந்து குளிக்கட்டும். வாளியைச் சிறு மேடைமேல் வைத்தால் குனிய வேண்டியதில்லை. இருக்கையருகே சுவரில் கைப்பிடிக் கம்பியை ஆழப் பதிக்க வேண்டும். துண்டு போடும் கம்பி உடலின் எடையைத் தாங்காது. கதவு வெளிப்புறமாகத் திறப்பது நலம். உள்ளே ஒருவர் கதவோரம் விழுந்துவிட்டால், உட்புறம் திறக்கும் கதவைத் தள்ள இயலாது. வெந்நீரின் சூட்டை நாமே கைவைத்துப் பார்த்துத் தர வேண்டும். நீரிழிவால் உணர்ச்சி குறைந்த பாதம் சூட்டை அறியாது.

எதைச் செய்யுமுன்பும் அவரையே கேட்டறிவோம். கம்பி எந்த உயரத்தில் வேண்டும் என்பதை அவர் கையே சொல்லும். தாமே செய்யக் கூடியதைத் தாமே செய்ய விடுவோம். துணை வேண்டுமாயின், அவர் விரும்புபவர் ஒருவரே உடனிருக்க, உடலை மூடித் துணி போர்த்தி, அவர் மானம் காப்போம். நமக்குப் பாலூட்டி நீராட்டிய கைகள் அவை.

நலம் பெற்ற அம்மனிதரை ஆண்டவர் பின்னர்க் கோவிலில் கண்டார் என்கிறது நற்செய்தி. நம் பாட்டியாரும் அச்சமின்றி நீராடி, வெள்ளைச் சேலை உடுத்தி, வரும் ஞாயிறன்று நம்மோடு கோவிலுக்குப் புறப்படட்டும்.